நாலு காசு

"நாலு காசு சேர்த்து வை" என்பார்கள் பெரியவர்கள். அந்த நாலு காசுக்கு மெய்யாகவே ஒரு சரித்திரம் உண்டு.

1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நம் தேசத்தின் நாணயக் கணக்கு மாறியது. அதுவரையில் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு நாலு காலணா. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய நாணயங்களும் கூடவே புழங்கின. நாலணாவுக்குச் சரியாக 25 நயா பைசா; அதில் தகராறு இல்லை. ஓரணாவுக்கோ ஆறேகால் வரவேண்டும். கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே 6 என்றது சர்க்கார் அட்டவணை.

இப்போது சமையலறைக்கு வாருங்கள். கடுகு டப்பாவில் பதினாறு ஓரணாக்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றினால் கிடைப்பது 96 நயா பைசா. நாலு நாலாகச் சேர்த்து மாற்றினாலோ முழு ரூபாய்! காலணாச் சாமானிலும் இதே சங்கடந்தான். புதுக் காசில் அதற்கு 2 நயா பைசா. நாலு தடவை வாங்கினால் ஓரணாச் சாமானுக்கு 8 ஆகிவிடும்! ரூபாய்க்கு நாலு காசு அற்பமா? பால் கணக்கும் மோர்க் கணக்கும் பார்த்துக் குடித்தனம் நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும்.

1964-இல் 'நயா' என்ற அடைமொழி உதிர்ந்தது. 2011 ஜூன் 30 முதல் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமற் போயின. அதற்குள் மாற்றாதவர்களின் டப்பாவில் மிஞ்சியது வெறும் உலோகம்.

சில்லறையைச் சேர்ப்பது பாதிச் சாமர்த்தியம். எண்ணிப் பார்த்து, காலத்தில் செலவழிப்பதே மறுபாதி.