துப்பாக்கியின் வயது

நம் வயசுக்காரர்கள் கௌபாய் படங்களை ஜான் வெய்னின் நடைக்காகவும் குதிரைகளுக்காகவும் பார்த்தோம். அதே படங்கள் இப்போது வீட்டுக்கே வருகின்றன, வேண்டிய இடத்தில் நிறுத்தியும் பார்க்கலாம். அப்படி நிறுத்தும்போது துப்பாக்கியைக் கொஞ்சம் கவனியுங்கள். குமாஸ்தா உத்தியோகத்தில் ஒரு பாடம் உண்டு: பத்திரத்தில் எழுதிய தேதியை மட்டும் நம்பாதே, முத்திரைத்தாள் என்றைக்கு விற்றது என்றும் பார். படத்தில் சொல்லும் வருஷம் பத்திரத் தேதி. துப்பாக்கிதான் முத்திரைத்தாள்.

'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் ஜான் வெய்ன் பெரிய வளையம் வைத்த வின்செஸ்டரைச் சுழற்றிக்கொண்டு வண்டியை மறிப்பார். கதையில் எல்லோரும் ஜெரோனிமோவுக்குப் பயந்து நடுங்குகிறார்கள். ஜெரோனிமோ சரணடைந்தது 1886-இல். வெய்ன் கையில் இருப்பதோ 1892 மாடல்! கதை முடிந்த பிறகு பிறந்த துப்பாக்கி அது.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. குழலுக்கு அடியில் கைபிடிக்க மரமே இல்லையென்றால் அது 1860-இன் ஹென்றி. உடல் பித்தளை மாதிரி மஞ்சளாக, குழலடியில் மரமும் இருந்தால் 1866 வின்செஸ்டர். இரும்பு உடலின் பக்கவாட்டில் தனித்தகடு ஒன்று பதித்திருந்தால் 1873. தகடில்லாமல் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் 1892.

ஹாலிவுட் ஏன் 1892-ஐயே பிடித்துக்கொண்டது? படமெடுத்த காலத்தில் அது தாராளமாகக் கிடைத்தது. தவிர, சத்தம் மட்டும் வரும் குண்டில்லாத தோட்டா ஒன்றைச் செய்திருந்தார்கள். ஒரே தோட்டா கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும், இந்த ரைஃபிளுக்கும் பொருந்தும். ஸ்டோரில் ஒரே சரக்கு, கணக்கும் சுலபம்.

இதற்கு நேர்மாறான படமும் உண்டு. 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) இத்தாலியப் படம். பிரெஞ்சில் 'லு கிரான் சிலான்ஸ்'. பிரெஞ்சு நடிகர் ழான்-லூயி திரந்தினியான் அதில் ஊமை வீரன், ஒரு வசனம்கூடக் கிடையாது. அவர் கையில் இருப்பது ஜெர்மானிய மௌசர் கைத்துப்பாக்கி. விசைக்கு முன்னால் தோட்டாப் பெட்டி, துடைப்பக் கட்டை போலப் பிடி. கௌபாய் ஊரில் இதென்ன விநோதம் என்று தோன்றும். ஆனால் கதை நடப்பது 1890களின் கடைசியில், மௌசர் வந்தது 1896-இல். பழக்கமாகத் தெரிந்த துப்பாக்கி தேதியில் தவறுகிறது, விசித்திரமாகத் தெரிந்தது சரியாக இருக்கிறது.

வருஷம் முன்னே பின்னே போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பீர்கள். நாம் பார்த்த பல படங்களில் வெள்ளைக்காரச் சிப்பாயிடம் சரமாரியாகச் சுடும் ரைஃபிள், செவ்விந்தியரிடம் வில்லும் அம்பும். 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் ஜெனரல் கஸ்டரின் ஆட்கள் வைத்திருந்தது ஸ்பிரிங்ஃபீல்ட். ஒருமுறை சுட்டதும் மூடியைத் திறந்து மறுபடி ஒரு தோட்டா போட வேண்டும். எதிரே லகோட்டா, செயென் வீரர்களில் பலரிடம் வில்லும் பழைய துப்பாக்கிகளும் இருந்தது உண்மை. ஆனால் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன.

1983-இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. புல் போனதும், அடுத்த வருஷம் தொல்லியல் ஆய்வாளர்கள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு அங்கே இறங்கினார்கள். காலித் தோட்டாக்கூடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் கூட்டின் அடியில் தன் கைநாட்டைப் போலத் தனித்தடம் பதிக்கும். அதை வைத்து எந்தத் துப்பாக்கி எங்கெங்கே நகர்ந்து சுட்டது என்று வரைபடமே போட்டார்கள். தங்கள் தரப்பு எப்படிச் சண்டையிட்டது என்று செவ்விந்தியர்கள் அன்றே சொல்லியிருந்தார்கள். வெகுகாலம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தத் தோட்டாக்கூடுகள் அவர்களுக்குச் சாட்சி சொல்லின.

இனி கௌபாய் படம் பார்க்கும்போது, யார் முதலில் சுடுகிறார் என்பதோடு எதை வைத்துச் சுடுகிறார் என்றும் பாருங்கள்.