தீநுண்மத் தொற்றுக்குப் பிந்தைய மோப்ப இழப்பு

தீநுண்மத் தொற்றுக்குப் பிந்தைய மோப்ப இழப்பு என்பது தடிமன், இன்ஃபுளுவென்சா, கோவிட்-19 போன்ற தீநுண்ம (வைரசு) நோய்கள் நீங்கிய பின்னரும் மணத்தை உணரும் ஆற்றல் குறைந்தோ முற்றாக அற்றோ இருக்கும் நிலை ஆகும். மூக்கடைப்பினால் ஏற்படும் தற்காலிக இழப்பிலிருந்து இது வேறானது. சிலருக்கு மணங்கள் திரிந்து, காப்பியின் மணமும் அருவருப்பாகத் தோன்றும். எரிவளிக் கசிவையும் கெட்டுப்போன உணவையும் அறிய இயலாமையால் இந்நிலை இடர் மிக்கது.

காரணம்

மூக்கறையின் மேற்பகுதியிலுள்ள மோப்ப நரம்பணுக்களின் இழைகள், சல்லடை போன்ற எலும்புத் தட்டின் துளைகள் வழியாக மூளையின் அடியிலுள்ள மோப்பக் குமிழை அடைகின்றன. கோவிட்-19 தீநுண்மம் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் இந்நரம்பணுக்களில் அல்லாது, அவற்றைச் சூழ்ந்துள்ள துணை உயிரணுக்களிலேயே காணப்படுவதாக 2020-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எனவே நரம்பணுக்கள் பெரும்பாலும் மறைமுகமாகப் பாதிக்கப்படுவதாகக் கருதப்படுகின்றது.

மூளைப் படிமங்கள்

இவ்விழப்பு நீடிப்போரின் மோப்பக் குமிழ் சிறுத்திருப்பதைக் காந்த ஒத்ததிர்வுப் படிமங்கள் (எம்.ஆர்.ஐ) பல ஆய்வுகளில் காட்டியுள்ளன. எனினும், நோய்க்குப் பின் மட்டும் எடுக்கப்பட்ட படிமத்தைக் கொண்டு, குமிழ் முன்பே சிறிதாக இருந்ததா என்பதை அறிய இயலாது.

ஐக்கிய இராச்சியத்தின் யூகே பயோபேங்க் திட்டத்தில் இதற்கு வாய்ப்புக் கிட்டியது. 51 முதல் 81 வயதுடைய 785 பேரின் மூளை இருமுறை படமெடுக்கப்பட்டது. அவர்களுள் 401 பேருக்கு இடைப்பட்ட காலத்தில் கோவிட்-19 தொற்று ஏற்பட்டது. குவெனாயெல் டுவோ குழுவினர் 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவுகளின்படி, தொற்றுற்றோரிடம் மோப்பத்துடன் தொடர்புடைய மூளைப் பகுதிகளில் 0.2 முதல் 2 விழுக்காடு வரை கூடுதல் மாற்றம் காணப்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 15 பேரை விலக்கிய பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது.

ஆயினும் இம்மாற்றம் தீநுண்மம் மூளையைத் தாக்கியதன் விளைவா, அழற்சியின் விளைவா, அல்லது மூக்கிலிருந்து மண உணர்வு வராமையால் அப்பகுதிகள் சுருங்கியதா என்பதைப் படிமம் மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. கடைசிக் காரணமே உண்மையெனில், உணர்வு திரும்பும்போது மாற்றமும் ஓரளவு மீளக்கூடும்.

மீட்பு

மோப்ப நரம்பணுக்கள் வாழ்நாள் முழுதும் புதிதாகத் தோன்றும் இயல்புடையவை. ஆதலால் பலருக்கு இவ்வுணர்வு மெல்ல மெல்லத் திரும்புகிறது. ரோசா, யூக்கலிப்டசு, எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளும் இருமுறை 12 கிழமைகள் முகரும் மோப்பப் பயிற்சியைச் செருமனியின் தோமசு ஊமெல் குழுவினர் 2009-இல் விவரித்தனர். இது இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றது.