எடைக் குறைப்பு ஊசிகளின் பயனும் காலமும்: தேவதானம்–ராஜபாளையம் வட்டாரத்தை முன்வைத்து

செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகிய இரு மருந்துகளும் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் ஊசிகளாக இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. டிர்செபடைடை எலி லில்லி நிறுவனம் 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் 2025 மார்ச் மாதத்தில் கொண்டுவந்தது. செமாகுளுடைடை நோவோ நார்டிஸ்க் நிறுவனம் 'வீகோவி' என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனில் அறிமுகப்படுத்தியது. பெருநகரங்களில் தொடங்கிய பேச்சு இப்போது விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களையும் அவற்றைச் சார்ந்து வாழும் தேவதானம் போன்ற மலையடிவாரக் கிராமங்களையும் எட்டும் கட்டத்தில் உள்ளது. இந்த ஊசிகளால் எத்தனை கிலோ குறையும் என்றே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. எத்தனை ஆண்டு தொடர முடியும், எந்த நோய்க்காகத் தொடங்கப்படுகிறது என்பவை அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்ற பரவலான எண்ணம் சரியன்று. உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது, போதும் என்ற நிறைவை மூளைக்கு உணர்த்துகிறது. இயற்கையான ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாகுளுடைடு அதே வேலையைச் செய்தபடி ஏறத்தாழ ஒரு வாரம் உடலில் தங்கும்படி வடிவமைக்கப்பட்டது. டிர்செபடைடு இதனுடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் ஏற்பிகளிலும் செயல்படுகிறது. ஆகவே எடை குறைவது பசி குறைந்து உணவு குறைவதால்தான். செமாகுளுடைடு 0.25 மி.கி. அளவில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு படியாக 2.4 மி.கி. வரை உயர்த்தப்படுகிறது. டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, தேவைக்கேற்ப 15 மி.கி. வரை செல்லலாம். தொடக்க அளவு உடலைப் பழக்குவதற்கானது. முதல் மாதத்தில் எடை அதிகம் இறங்கவில்லை என்று மனம் தளர்வதற்கோ, அவசரப்பட்டு அளவைக் கூட்டுவதற்கோ காரணமில்லை.

பயனின் அளவைப் பற்றிய எதிர்பார்ப்பு இரண்டு ஆய்வுகளிலிருந்து பிறந்தது. 2021-இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் 68 வாரங்களில் செமாகுளுடைடு பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 விழுக்காடு. 2022-இன் சர்மவுன்ட்-1 ஆய்வில் டிர்செபடைடு 15 மி.கி. அளவில் 72 வாரங்களில் 20.9 விழுக்காட்டைக் குறைத்தது. விளம்பரங்களிலும் பேச்சிலும் அடிபடுபவை இந்த எண்கள்தாம். ஆனால் இரு ஆய்விலும் கலந்துகொண்டோரின் சராசரி எடை 105 கிலோவை ஒட்டியது. அவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் தொடர்ந்து கிடைத்தது. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஸ்டெப்-2 ஆய்வில் அதே 2.4 மி.கி. செமாகுளுடைடு 9.6 விழுக்காட்டையே குறைத்தது. இந்தியாவும் பங்கேற்ற சர்மவுன்ட்-2 ஆய்வில் டிர்செபடைடின் உச்ச அளவுக்கே 14.7 விழுக்காடுதான். சர்க்கரை நோய் இருக்கும் 72 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டில் செமாகுளுடைடால் ஏழு கிலோ அளவுக்குக் குறைவார் என்பதே நியாயமான மதிப்பீடு. சராசரி என்பதால் சிலருக்கு இதைவிடக் கூடும்; சிலருக்கு ஊசி அநேகமாகப் பலிக்காமலும் போகும்.

இந்தத் திருத்தம் தமிழகத்துக்கு முக்கியமானது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்னும் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளியிட்ட முடிவுகளின்படி தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) மாநிலத்தின் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையினராகக் கணக்கிடப்பட்டனர். முந்தைய சுற்றில் இவை 30.9, 28.2 என இருந்தன. இக்கணக்கு உடல் நிறை குறியீட்டெண் 25-ஐ எல்லையாகக் கொண்டது. இந்திய உடலுக்கு அந்த எல்லைகூடத் தாராளமானது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தம் இருவரின் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினது 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவரிடமும் வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடையாது.

மருந்தின் அனுமதியோ குறியீட்டெண் 30-க்கு மேல், அல்லது துணை நோய்களோடு 27-க்கு மேல் என்று அமைந்துள்ளது. இந்திய மருத்துவர்களின் வரையறைப்படி 25-இலேயே உடல்பருமன் தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளியைக் காட்டி எல்லையை எல்லோருக்கும் தளர்த்திவிடலாம் என்று வாதிடுவோர் உண்டு. அது தவறான தீர்வு. எண்ணை மட்டும் இறக்கினால் நோயில்லாமல் தோற்றத்துக்காக ஊசி கேட்பவர்களே முதலில் பயன்பெறுவர். இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, இதய நோய் ஆகியவற்றை வைத்துத் தீர்மானிப்பதே பொருத்தம். 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வு, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் செமாகுளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு அபாயத்தை 20 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது. ஊசியின் உண்மையான பெறுமதி அங்கே இருக்கிறது.

பக்கவிளைவுகளில் வயிற்றுத் தொல்லைகளே முதன்மை. ஸ்டெப்-1 ஆய்வில் 44 விழுக்காட்டினருக்குக் குமட்டல், 31 விழுக்காட்டினருக்குப் பேதி, நான்கில் ஒருவருக்கு வாந்தி ஏற்பட்டன; மலச்சிக்கலும் ஏறக்குறைய அதே அளவில் வந்தது. பெரும்பாலும் அளவு கூட்டும் வாரங்களில் வந்து பின் தணிபவை இவை. வெயிலில் வயல் வேலை பார்ப்பவருக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்தால் நீர்ச்சத்து இழப்பு சிறுநீரகத்தைத் தாக்கும். பித்தப்பைக் கல்லும் அரிதாகக் கணைய அழற்சியும் உண்டாகலாம்; முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் ஊசியை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இம்மருந்து ஆகாது. கருத்தரிக்க விரும்பும் பெண் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கக்கூடும். அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர் மயக்க மருத்துவரிடம் ஊசி விவரத்தை மறைக்கக் கூடாது, ஏனெனில் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே எடுப்பவருக்கு இந்த ஊசியையும் சேர்க்கும்போது பழைய மருந்தின் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மாத்திரையை வழக்கம்போல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊசியை வேறிடத்தில் போட்டுக்கொள்பவருக்கு நேரக்கூடிய தீங்குகளில் இதுவே மிக எளிதில் தவிர்க்கக்கூடியது.

அதிகம் பேசப்படாத இழப்பு தசை. குறையும் எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசு என்று ஆய்வுகளின் உடலமைப்பு அளவீடுகள் காட்டுகின்றன. தசை இயல்பிலேயே குறைந்த இந்திய உடலுக்கு இது கூடுதல் பாதகம். இந்திய உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் 12 விழுக்காடு மட்டும் புரதத்திலிருந்தும் வருவதாக இண்டியாப் ஆய்வே 2025-இல் தெரிவித்தது. பசி பாதியானவர் தட்டில் சோற்றையும் குழம்பையும் அப்படியே பாதியாக்கினால், போதாமல் இருந்த புரதமும் பாதியாகும். கெட்டியான உணவு இறங்காதபோது பால்கோவாவும் சர்க்கரை போட்ட தேநீரும் எளிதாக இறங்கும் என்பதையும் கருத வேண்டும். முட்டை, மீன், பயறு, மொச்சை, தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு சோற்றைப் பின்னுக்குத் தள்ளுவதும், எடை தூக்கும் வகைப் பயிற்சியும் இந்தச் சிகிச்சையின் பகுதிகளே. அறுபது வயதைத் தாண்டியவரிடம் இவை இன்றி ஊசியைத் தொடங்குவது முறையன்று.

நிறுத்தினால் எடை திரும்பும். ஸ்டெப்-1 ஆய்வின் நீட்சியில், மருந்தை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. சர்மவுன்ட்-4 ஆய்வில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் மேலும் குறைந்தனர். வெற்று ஊசிக்கு மாறியவர்களின் எடை 14 விழுக்காடு ஏறியது. இதை நோயாளியின் மனவுறுதிக் குறைவாகக் கருதுவது அநீதி. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்ற உடலியல் நிகழ்வு இது.

ஆகவே விலை பயனின் ஒரு கூறாகவே ஆகிறது. மவுன்ஜாரோ 5 மி.கி. குப்பியின் அறிமுக விலை 4,375 ரூபாய்; மாதத்துக்கு நான்கு குப்பி எனில் 17,500 ரூபாய். 2025-26-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து முழுக்கூலி பெற்றாலும் அந்த 33,600 ரூபாய் இரண்டு மாத ஊசிக்குப் போதாது. வீகோவியின் தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாயிலிருந்து 2025 நவம்பரில் 10,850 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான்; அதன் பின் வரும் உள்நாட்டுத் தயாரிப்புகள் விலையை மேலும் இறக்கக்கூடியவை. எனினும் நகையை அடகு வைத்து மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துபவருக்குக் கடன் மிஞ்சும், எடையும் திரும்பும். ஓராண்டுச் செலவையாவது தாங்க முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது மருத்துவரின் கடமை.

சேமிப்பும் ஒரு தடை. குப்பியும் பேனா ஊசியும் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். வெளியே சில வாரங்கள் தாங்கினாலும் 30 டிகிரிக்கு மேல் கூடாது. விருதுநகர் மாவட்டக் கோடை இந்த எல்லையை எளிதாகக் கடக்கும். உறைந்த மருந்தையும் பயன்படுத்தக் கூடாது என்பதால் குளிர்பெட்டியின் உறைகலத்தில் வைப்பதும் தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இவ்வகை மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உடல்பருமனும் இதய அல்லது சிறுநீரக நோயும் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கே முன்னுரிமை அளித்தது. தமிழகத்துக்கும் அந்த வரிசை பொருந்தும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பட்டியல் ஏற்கெனவே உள்ளது; வீடு தேடிச் செல்லும் பணியாளர்களும் உள்ளனர். விலை குறைந்த செமாகுளுடைடு அரசுக் கொள்முதலுக்கு வரும்போது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கி, அளவு நிலைபெற்ற பின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடர்வது நடைமுறைக்கு ஏற்ற வழி. மாதந்தோறும் எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை, பழைய மாத்திரைகளின் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்து, உச்ச அளவில் ஆறு மாதமாகியும் எடை ஐந்து விழுக்காடுகூடக் குறையாதவருக்கு மருந்தைத் தொடர்வதா என்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.