மூடுபனி விளக்கு

மூடுபனி விளக்கு என்பது மூடுபனி, கனமழை, பனிப்பொழிவு, அடர்ந்த புழுதி ஆகியவற்றால் பார்வைத் தொலைவு பெரிதும் குறையும் வேளைகளில் மட்டும் பயன்படுத்துவதற்காக மோட்டார் வாகனங்களில் பொருத்தப்படும் துணை விளக்கு ஆகும். பேச்சு வழக்கில் இது ஃபாக் லைட் எனப்படுகிறது. முன்புற மூடுபனி விளக்கு, பின்புற மூடுபனி விளக்கு என இது இரு வகைப்படும். இவ்விரண்டும் வெவ்வேறு நோக்கங்களுக்காக அமைந்தவை. முன்புற விளக்கு, ஓட்டுநர் தமக்கு அருகிலுள்ள சாலையைக் காண உதவுகிறது. பின்புற விளக்கு, பின்னால் வருபவர்கள் இவ்வாகனத்தைக் காண உதவுகிறது.

தெளிவான இரவுகளில் இவ்விளக்குகளை எரியவிடுவதால் ஓட்டுநருக்குக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. ஆனால் எதிரே வருவோரின் கண்கள் கூசுகின்றன; பின்னால் வருவோருக்கு நிறுத்து விளக்கு எரிவது தெரியாமல் போகின்றது. இதனால் பல நாடுகளில் இவ்விளக்குகளைத் தேவையின்றி எரியவிடுவது சட்டப்படி தவறாகும்.

மூடுபனியும் பார்வைத் தொலைவும்

நிலத்தை ஒட்டிய காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளால் கிடைமட்டப் பார்வைத் தொலைவு 1000 மீட்டருக்கும் கீழே குறையும்போது அது மூடுபனி எனப்படுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை இதனை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது.

* மெல்லிய மூடுபனி: பார்வைத் தொலைவு 500 முதல் 1000 மீட்டர் வரை
* மிதமான மூடுபனி: 200 முதல் 500 மீட்டர் வரை
* அடர்ந்த மூடுபனி: 50 முதல் 200 மீட்டர் வரை
* மிக அடர்ந்த மூடுபனி: 50 மீட்டருக்கும் குறைவு

தமிழில் பனி என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகிறது. மார்கழி விடியலில் புல்லின் மீது படியும் நீர்த்துளியும் பனிதான். மலையில் சாலையை மறைப்பதும் பனிதான். முன்னதற்கு மூடுபனி விளக்கு தேவையில்லை. பின்னதிலும் அடர்ந்த நிலைக்கே இவ்விளக்கு உரியது. மெல்லிய, மிதமான மூடுபனிக்கு முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியே போதுமானது.

இயங்கும் முறை

முகப்பு விளக்கின் உயர்ந்த ஒளியை, அதாவது ஓட்டுநர்கள் பிரைட் என்று குறிப்பிடுவதை, மூடுபனியில் எரியவிட்டால் அவ்வொளி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி, அதில் ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. இதனால் வாகனத்தின் முன்னே வெண்திரை கட்டியது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. ஒளியைக் கூட்டக் கூட்டத் திரையும் வெளுக்கிறதே தவிர, சாலை தெரிவதில்லை.

முன்புற மூடுபனி விளக்கு இக்குறையைத் தவிர்க்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. இது முகப்பு விளக்கிற்குக் கீழே, தரைக்கு அருகில் பொருத்தப்படுகிறது. இதன் ஒளி இருபுறமும் அகன்று, மேல் எல்லையில் கூர்மையாக வெட்டப்பட்டதுபோல் தட்டையாக விழும். ஓட்டுநரின் பார்வைக் கோட்டிற்குக் கீழே ஒளி செல்வதால் திரும்பி வரும் சிதறல் குறைகிறது. சாலையின் ஓரக்கோடும் அருகிலுள்ள தரையும் தெரிகின்றன. தொலைவில் உள்ளதைக் காட்டுவது இவ்விளக்கின் வேலையன்று. எனவே தெளிவான இரவில் நெடுந்தொலைவு காண்பதற்கு இது உதவாது.

பின்புற மூடுபனி விளக்கு செந்நிற ஒளி தருவது. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 38ஆம் ஒழுங்குவிதி, இதன் ஒளிச்செறிவு 150 கேண்டெலாவுக்குக் குறையாமலும் 300 கேண்டெலாவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என வகுத்தது. இது வழக்கமான பின்விளக்கின் ஒளியைப் போலப் பல மடங்காகும். நிறுத்து விளக்கின் ஒளிக்கு இணையாகவோ அதனினும் மிகுந்தோ இருக்கக்கூடியது. நிறுத்து விளக்கிலிருந்து இதனைக் குறைந்தது 100 மில்லிமீட்டர் தள்ளி அமைக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது. ஒரே ஒரு விளக்கு மட்டும் இருப்பின், இடப்பக்கம் செல்லும் நாடுகளில் அது வாகனத்தின் நடுக்கோட்டிற்கு வலப்புறம் அமையும்.

நிறம் பற்றிய கருத்து

மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவிச் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சிறிய துகள்களே நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தோன்றுவது இதனாலேயே. மூடுபனியின் துளிகள் அலைநீளத்தை விடப் பெரியவை. எனவே அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. ஆகவே விளக்கின் பயன் அதன் நிறத்தை விட, ஒளி விழும் வடிவத்தையும் பொருத்தப்பட்ட உயரத்தையுமே சார்ந்துள்ளது. பிரான்சு நாடு 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முகப்பு விளக்குகளுக்கு மஞ்சள் ஒளியைக் கட்டாயமாக்கியிருந்தது. அக்கட்டாயம் 1993ஆம் ஆண்டு நீங்கியது.

எப்போது பயன்படுத்த வேண்டும்

ஏறத்தாழ 100 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையே பொதுவான அளவுகோலாகும். ஐக்கிய இராச்சியத்தின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு இவ்வளவையே குறிப்பிடுகிறது. செருமனியில் பின்புற மூடுபனி விளக்கிற்கு இதனினும் கடுமையான விதி உள்ளது. மூடுபனியால் பார்வைத் தொலைவு 50 மீட்டருக்கும் கீழே குறைந்தால் மட்டுமே அங்கு அதனை எரியவிடலாம். அந்நிலையில் வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஓடும் வாகனத்திலிருந்து 100 மீட்டரை மதிப்பிட எளிய வழி உண்டு. மரம், மின்கம்பம் போன்ற நிலையான பொருள் கண்ணில் பட்ட கணத்திலிருந்து அதனைக் கடக்கும் வரை நொடிகளை எண்ண வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டரைக் கடக்க 6 நொடிகள் ஆகும்; 40 கிலோமீட்டர் வேகத்தில் 9 நொடிகள் ஆகும். இதற்கும் குறைவான நொடிகளில் பொருள் வந்து சேர்ந்தால் மூடுபனி விளக்கை எரியவிடலாம்.

* மலைச்சாலையில் முகில் இறங்கிச் சாலையை மறைக்கும்போது முன்புற, பின்புற விளக்குகள் இரண்டையும் பயன்படுத்தலாம்.
* துடைப்பான் முழு வேகத்தில் இயங்கியும் முன்செல்லும் வாகனம் தெளிவாகத் தெரியாத கனமழையில் பயன்படுத்தலாம்.
* அடர்ந்த புழுதி அல்லது புகை சாலையை மறைக்கும்போது பயன்படுத்தலாம்.

இவ்வேளைகளில் முகப்பு விளக்கைத் தாழ்ந்த ஒளியில், அதாவது டிம்மில், வைத்திருப்பது இன்றியமையாதது.

எப்போது பயன்படுத்தக் கூடாது

* வானம் தெளிவாக உள்ள இரவுகளில் கூடாது. தெருவிளக்கு இல்லாத சாலையாயினும் கூடாது.
* தூறல், மிதமான மழை ஆகியவற்றில் கூடாது. ஈரச் சாலை கண்ணாடிபோல் ஒளியை எதிரொளிப்பதால், கண்கூச்சம் உலர்ந்த சாலையில் உள்ளதை விட மிகும்.
* அழகிற்காகவோ, பழுதான முகப்பு விளக்கிற்கு மாற்றாகவோ கூடாது.
* பார்வைத் தொலைவு சீரடைந்த பின் அணைக்காமல் விடக் கூடாது.

பின்புற விளக்கை அணைக்க மறப்பதே மிகுதியாக நிகழும் தவறாகும். அவ்விளக்கு எரிவதன் விளைவை ஓட்டுநர் உணர்வதில்லை. பின்னால் வருபவரே உணர்கிறார். ஏற்கெனவே செந்நிறம் மிகுந்து ஒளிரும் வாகனம் நிறுத்தியை அழுத்தும்போது, பின்னால் வருபவர் அம்மாற்றத்தைக் கண்டுகொள்ளத் தாமதமாகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், பின்னால் ஒரு வாகனம் நெருங்கி வந்துவிட்ட பின்பும் பின்புற விளக்கை அணைப்பது நன்று. அவ்வாகனம் உங்களைக் கண்டுவிட்டது. இனி அதற்குத் தெரிய வேண்டியது உங்கள் நிறுத்து விளக்கே.

முகப்புப் பலகையில் உள்ள குறியீடுகள் விளக்கின் நிலையைக் காட்டும். முன்புற விளக்கிற்குப் பச்சை நிறக் குறியீட்டில் ஒளிக்கோடுகள் இடப்புறம் நோக்கிச் சாய்ந்திருக்கும். பின்புற விளக்கிற்கு ஆரஞ்சு சார்ந்த மஞ்சள் குறியீட்டில் கோடுகள் வலப்புறம் நோக்கி நேராக இருக்கும். இரண்டிலும் கோடுகளின் குறுக்கே நெளிகோடு ஒன்று செல்லும்.

விளக்கும் வேகமும்

மூடுபனி விளக்கு, வாகனம் நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவைக் குறைப்பதில்லை. ஓட்டுநர் உணர்ந்து செயல்பட 1.5 நொடி, ஈரச் சாலையில் வேகக் குறைப்பு நொடிக்கு நொடி 5 மீட்டர் எனக் கொண்டால், வாகனம் முழுமையாக நிற்பதற்குத் தேவையான தொலைவு பின்வருமாறு அமையும்.

* மணிக்கு 40 கி.மீ.: ஏறத்தாழ 29 மீட்டர்
* மணிக்கு 60 கி.மீ.: ஏறத்தாழ 53 மீட்டர்
* மணிக்கு 80 கி.மீ.: ஏறத்தாழ 83 மீட்டர்
* மணிக்கு 100 கி.மீ.: ஏறத்தாழ 119 மீட்டர்

பார்வைத் தொலைவு 50 மீட்டராக உள்ளபோது 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், எதிரில் நிற்கும் லாரியைக் கண்ட பின் நிறுத்த முயன்றாலும் மோதலைத் தவிர்க்க இயலாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கால்கவுன் நகருக்கு அருகே 1990 திசம்பர் 11 அன்று மூடுபனியில் 99 வாகனங்கள் மோதிக்கொண்டதில் 12 பேர் உயிரிழந்தனர். வட இந்தியாவில் 2012இல் திறக்கப்பட்ட யமுனை விரைவுச்சாலையில் மூடுபனிக் காலத்தில் தொடர் மோதல்கள் நிகழ்ந்துள்ளன. அங்குக் குளிர்காலத்தில் வேக வரம்பைக் குறைத்து அறிவிப்பது வழக்கமாகியுள்ளது.

முன்செல்லும் வாகனத்தின் பின்விளக்கை மட்டுமே பற்றிக்கொண்டு செல்வதும், ஓடும்போது நான்கு திசைகாட்டி விளக்குகளையும் சிமிட்டவிடுவதும் தவறான பழக்கங்களாகும். பின்னதில் வாகனம் திரும்பப் போகிறதா, நின்றுவிட்டதா என்பது பின்னால் வருபவருக்குப் புலப்படாது.

சட்ட நிலை

1968ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து பற்றிய வியன்னா உடன்படிக்கை, அடர்ந்த மூடுபனி, பனிப்பொழிவு, கனமழை அல்லது அவற்றை ஒத்த நிலைகளில் மட்டுமே மூடுபனி விளக்குகளை எரியவிடலாம் என்கிறது.

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் விளக்குகளைப் பற்றிக் கூறுகின்றன. 105ஆம் விதியின்படி, மறைவுக்கு அரை மணி நேரத்திற்குப் பிறகு தொடங்கி உதயத்திற்கு அரை மணி நேரம் முன்பு வரையிலும், போதிய வெளிச்சம் இல்லாத எந்நேரத்திலும், 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்களும் வாகனங்களும் தெரியும் வகையில் விளக்குகள் எரிய வேண்டும். 106ஆம் விதி, முன்னோக்கிய விளக்குகள் பிறர் கண்ணைக் கூசச் செய்யாதவாறு அமைந்திருக்க வேண்டும் என்கிறது. 111ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் ஒப்புதலின்றி முன்புறத்தில் தேடுவிளக்கு பொருத்துவதைத் தடை செய்கிறது. கடைகளில் வாங்கி மேல்நோக்கிப் பொருத்தப்படும் எல்.இ.டி. விளக்குகள் மூடுபனி விளக்கு என்ற பெயரில் விற்கப்படினும், மேல் எல்லை வெட்டப்படாத ஒளியைத் தருபவை அப்பணியைச் செய்வதில்லை.

தமிழ்நாட்டில்

மலைச்சாலைகள்

தமிழ்நாட்டில் மூடுபனி விளக்கிற்கு உண்மையான தேவை உள்ள இடங்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளே. குன்னூர் வழியாக உதகமண்டலம் செல்லும் சாலை, 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலை, 20 வளைவுகள் கொண்ட ஏற்காடு சாலை, கொடைக்கானல் சாலை ஆகியவற்றில் முகில் சாலை மட்டத்திலேயே தவழ்வதுண்டு. ஒரு வளைவில் தெளிவாகவும் அடுத்த வளைவில் முற்றிலும் மறைந்தும் இருப்பது மலை மூடுபனியின் இயல்பு. எனவே விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் அடிக்கடி செய்ய வேண்டியவை. கிருட்டிணகிரி, ஓசூர் வட்டாரங்களில் குளிர்கால விடியலில் மூடுபனி காணப்படுகிறது. சென்னையில் போகி நாளன்று எரிக்கப்படும் பொருள்களின் புகை பனியுடன் கலந்து பார்வையைக் குறைப்பதுண்டு.

உடன்குடி கடற்கரைப் பகுதி

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டிற்கும் இடைப்பட்ட வெப்பமான கடற்கரை வட்டாரத்தில் உடன்குடி அமைந்துள்ளது. சாலையை மறைக்கும் அடர்ந்த மூடுபனி இங்கு அரிது. மார்கழி, தை மாத விடியலில் வயல்களிலும் குளக்கரைகளிலும் மெல்லிய பனிப்படலம் தோன்றினும், அதற்குத் தாழ்ந்த ஒளியே போதும். இப்பகுதி ஓட்டுநர்களுக்கு இவ்விளக்கு பயன்படும் வேளைகள் வேறு.

முதலாவது, வடகிழக்குப் பருவமழை. 2023 திசம்பர் 17, 18 நாள்களில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய மழையின் தொடக்கத்தில் பின்புற விளக்கு பயன் தரும். சாலையில் வெள்ளம் ஏறிய பின் எந்த விளக்கும் உதவாது, பயணத்தை நிறுத்துவதே வழி. இரண்டாவது, ஆனி, ஆடி மாதங்களின் காற்று. தேரி எனப்படும் செம்மணல் மேடுகளை ஒட்டிய சாலைகளில் புழுதி எழும்போது சிறிது நேரத்திற்கு விளக்கு தேவைப்படலாம்.

கடலோர ஈரக்காற்றில் வேறொரு மயக்கமும் ஏற்படுவதுண்டு. குளிரூட்டி கண்ணாடியைக் குளிர்விப்பதால் அதன் வெளிப்புறத்தில் நீராவி படிந்து, சாலையே மங்கியதுபோல் தோன்றும். துடைப்பானை ஒரு முறை இயக்கியதும் சாலை தெளிந்தால் அது மூடுபனி அன்று. குளிர்காற்று கண்ணாடியின் மீது நேராக வீசாதவாறு திருப்புவதே இதற்குத் தீர்வாகும்.

இவ்வட்டாரத்தில் கண்கூச்சத்தின் தீங்கு பெரிது. தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை ஆடை அணிந்த பக்தர்கள் திருச்செந்தூருக்கு நடைப்பயணமாக வருகின்றனர். தசரா நாள்களில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்கு வேடமணிந்தோர் திரளாகச் செல்கின்றனர். இவர்களுள் பலர் இரவிலும் விடியற்காலையிலும் சாலையோரத்தில் நடப்பவர்கள். எதிரே வரும் வாகனத்தின் தேவையற்ற மூடுபனி விளக்கால் கண்கூசிய ஓட்டுநருக்கு, ஓரத்தில் நடப்பவர் சில நொடிகள் தெரியாமல் போகலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்பது 33 மீட்டர் தொலைவாகும். தெளிந்த இரவில் இவ்விளக்கை அணைத்து வைப்பதால் காக்கப்படுபவர் பெரும்பாலும் வாகனத்திற்குள் இருப்பவர் அல்லர், சாலையில் நடப்பவரே.

இவற்றையும் பார்க்க

* மூடுபனி
* முகப்பு விளக்கு
* சாலைப் பாதுகாப்பு
* கொண்டை ஊசி வளைவு
* தேரி
* உடன்குடி