வாயில் கேட்கும் வினா

விளையாட்டரங்கின் வாயில். உள்ளே ஆட்டம் துவங்க இருக்கிறது. வெளியே ஆயிரமாயிரம் பேர், அணியணியாக, ஆர்வம் பொங்க நிற்கின்றனர். இளைஞனொருவன் நுழைவுச் சீட்டை நீட்டுகிறான். "சீட்டு இருக்கிறது, சரி. தடுப்பூசி போட்டுக்கொண்டதற்குச் சான்று எங்கே?" என்று கேட்கிறார் வாயில் காப்பவர். கொரோனாக் கொடுநோய் உலகை உலுக்கிய நாட்களிலே, 2021ஆம் ஆண்டிலே, இலண்டனிலும் நியூயார்க்கிலும் இன்னும் பல நகரங்களிலும் கேட்கப்பட்ட கேள்வி இது.

"கேட்டது கொடுமை! என் உடல் என் உடைமை. தடுத்து நிறுத்த நீ யார்?" என்று சீறினர் ஒரு சாரார். "கேட்டதே முறை! ஊசி போடாதவன் பொது இடத்துக்கு வருவானேன்?" என்று முழங்கினர் மற்றொரு சாரார். ஆரவாரம் இருபுறமும் இருந்தது. ஆராய்ச்சிதான் அருகிக் கிடந்தது. இன்று அந்த அரங்குகளிலே அந்தக் கேள்வி இல்லை. அமைதி நிலவும் இந்த வேளையில்தான் ஆராய்ந்திட வேண்டும். அடுத்த நோய் வந்து கதவைத் தட்டும்போது ஆராயப் பொழுதிராது.

நமக்கு, தடுக்கும் வாயில் என்றாலே ஐயம் எழும். எழுவது இயல்பு. வைக்கத்திலே, கோயிலுக்குள் அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடந்து செல்லும் உரிமைகூட மறுக்கப்பட்டிருந்தது ஒரு பகுதி மக்களுக்கு. 1924ஆம் ஆண்டு அங்கே மூண்டது அறப்போர். பெரியார் சிறை புகுந்தார். அந்தத் தெரு முனை என்ன கேட்டது? "நீ யாருக்குப் பிறந்தாய்?" என்று கேட்டது. மனிதன் எவ்வளவு முயன்றாலும் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைக் கேட்டு, அதற்காக அவனைத் தள்ளி நிறுத்தியது. அந்த வடு ஆறாத உள்ளம், "உனக்கு உள்ளே இடமில்லை" என்ற சொல்லை எங்கே கேட்டாலும் திடுக்கிடத்தான் செய்யும். திடுக்கிடுவோம், பிறகு சிந்திப்போம். பிறப்பைக் கேட்கும் வாயிலும், செயலைக் கேட்கும் வாயிலும் ஒன்றுதானா? இந்தக் கேள்வியைக் கையிலே விளக்காக ஏந்திக்கொண்டு வரலாற்றுக்குள் நுழைவோம், தோழர்களே!

1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், இங்கிலாந்திலே கிளாஸ்டர்ஷயர் மாவட்டத்துச் சிற்றூரான பெர்க்லியில், எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர், பால் கறக்கும் பெண்ணின் கையில் தோன்றிய பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, எட்டு வயதுச் சிறுவனொருவன் கையிலே கீறி ஏற்றினார். பெரியம்மையை வெல்லும் வழி பிறந்தது. நம் நாட்டிலோ, அந்த நோயைத் தாயென்றழைத்தோம், வேப்பிலை கட்டினோம், கூழ் ஊற்றினோம், குழந்தைகளைப் பறிகொடுத்தபோது, கோபம் தணியவில்லை என்று கும்பிட்டு அழுதோம். 1975ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து அந்த நோய் மறைந்தது. 1980ஆம் ஆண்டு, உலகிலேயே அது இல்லையென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அதை விரட்டியது பூசையல்ல, ஊசி. இதில் ஐயப்பாடு எதுவும் நமக்கிருக்க முடியாது.

ஆனால், ஊசி நல்லது என்பது வேறு; ஊசியைக் கட்டாயமாக்கிய முறை நல்லது என்பது வேறு. இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். 1853ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்து மூன்று திங்களுக்குள் குழந்தைக்கு அம்மை குத்தியாக வேண்டும் என்றது. 1867இலும் 1871இலும் சட்டம் மேலும் இறுகிற்று. ஏழைகளுக்கு இலவசமாகவே ஊசி கிடைத்தது. கிடைத்தது யாரிடம்? ஏழைகளை வேலை விடுதிகளிலே அடைத்து வைத்த அதே ஏழையர் காப்புக் குழுவினரிடம்! அடைக்கும் கையே அம்மை குத்தும் கையாகவும் வந்தால், அன்னை அஞ்சமாட்டாளா? மறுத்தவர்மீது தண்டம், மீண்டும் மறுத்தால் மீண்டும் தண்டம். செல்வன் தண்டத்தைச் செலுத்திவிட்டுச் சென்றான். ஏழையின் வீட்டிலோ, தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சிலர் சிறைக்கும் சென்றனர்.

மூண்டது எதிர்ப்பு. 1885ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், லெஸ்டர் நகரத் தெருக்களிலே பெரும் பேரணி; 80,000 பேருக்கு மேல் திரண்டனர் என்பர். ஜென்னரின் கொடும்பாவி சென்றது அந்த ஊர்வலத்தில். இறுதியில், 1898ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின்படி மறுப்போருக்கு விலக்கு அளித்தது.

எதிர்த்தவர்கள் கண்ட கொடுமை மெய். ஆனால், அம்மை குத்துவதே வீண் என்று அவர்கள் கண்ட முடிவு பிழை. 1896ஆம் ஆண்டு கிளாஸ்டர் நகரிலே, அம்மை குத்திக்கொள்வதை மக்கள் பெரிதும் கைவிட்டிருந்த வேளையிலே, பெரியம்மை புகுந்தது. 400 பேருக்கு மேல் மாண்டனர். எந்த மாவட்டத்திலே ஜென்னர் வழி கண்டாரோ, அதே மாவட்டத்தின் தலைநகரிலே இந்தச் சாவு! அரசின் கொடுமை மக்களை ஊசியை வெறுக்கச் செய்தது. ஊசியை வெறுத்த குற்றத்துக்குக் குழந்தைகள் உயிர் கொடுத்தன.

அமெரிக்காவுக்குச் செல்வோம். 1902ஆம் ஆண்டு, மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே பெரியம்மை பரவிற்று. அனைவரும் ஊசி போட்டுக்கொள்க என்றது நகரம். ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். 5 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1905ஆம் ஆண்டு, பொது நலன் கருதி அரசு இவ்விதம் விதிக்கலாம் எனத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன்.

யார் இந்த ஹார்லன்? 1896ஆம் ஆண்டு, புகைவண்டியிலே கறுப்பருக்குத் தனிப் பெட்டி, வெள்ளையருக்குத் தனிப் பெட்டி என்று பிரிப்பது முறையே என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தனியொருவராக நின்று மறுப்புரை எழுதியவர்! தோலைக் கேட்ட வாயிலைக் கண்டித்த அதே மனிதர், ஊசியைக் கேட்ட ஆணையை ஏற்றார். முரண் அல்ல இது. தோல், பிறப்பிலே வந்தது, மாற்ற முடியாது, பிறருக்குக் கேடும் செய்யாது. ஊசியோ, போட்டுக்கொள்ளக் கூடியது. போடாவிடில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து. வேறுபாட்டை விளக்கிட இதைவிடத் தெளிவான சான்று ஏது?

ஆயினும், இதோடு கதை முடிந்துவிடவில்லை. 1927ஆம் ஆண்டு, அதே தீர்ப்பைத்தான் ஆதாரமாகக் காட்டிற்று அந்த உச்ச நீதிமன்றம். எதற்கு? வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை, "அறிவு குறைந்தவள்" என முத்திரை குத்தி, அவள் கருவளத்தைக் கட்டாய அறுவையால் அழிப்பதற்கு! பொது நலன் என்ற பெயராலே எதையும் செய்யலாம் என்ற துணிவு, எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தத் தீர்ப்பே சான்று. ஆகவே, கேள்வி கேட்பவர் அனைவரையும் மூடர் என்று ஒதுக்கிவிடும் ஆணவம் நமக்கு ஆகாது.

இப்போது விளையாட்டரங்குக்குத் திரும்புவோம். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், இத்தாலியின் மிலான் நகரில், அட்டலாண்டாவுக்கும் வாலென்சியாவுக்கும் கால்பந்துப் போட்டி. கண்டு களித்தோர் 44,000 பேருக்கு மேல். அவர்களிலே மிகப் பெரும்பாலோர் அட்டலாண்டாவின் ஊரான பெர்காமோவிலிருந்து சென்றவர்கள். சொந்த ஊர் அணி வென்றது. கட்டித் தழுவினர், பாடினர், ஆடினர். கொரோனா ஊருக்குள் நுழைந்துவிட்டதை எவரும் அறியார். அடுத்த மாதம், அதே பெர்காமோவிலிருந்து சவப்பெட்டிகளை ஏற்றிச் சென்றன இராணுவ வண்டிகள், சாரிசாரியாக. அந்த ஓர் ஆட்டமே அத்தனைக்கும் காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால், நெருங்கி நின்று குரலெழுப்பும் கூட்டம் நோய்க்கு எவ்வளவு நல்ல விருந்து என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

தடுப்பூசி வந்தது, 2020ஆம் ஆண்டின் இறுதியில். 2021 ஜூலை 11ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஊசிச் சான்று, அல்லது நோயில்லை எனும் சோதனைச் சான்று, இரண்டில் ஒன்று காட்டியாக வேண்டும் என்பது விதி. விதி இருந்தது, வாயில் இல்லை! சீட்டே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் முண்டியடித்து உள்ளே புகுந்தனர். அன்று அரங்கிலும் சுற்றுப்புறத்திலும் 3,000 பேருக்கு மேல் தொற்றைப் பெற்றிருக்கலாம் என்று பின்னர் அரசின் ஆய்வே கணக்கிட்டது. காக்க முடியாத விதி, காகிதத்திலே எழுதிய மருந்து.

நியூயார்க் நகரம் வேறொன்றைச் செய்தது. அதிலே பாடம் இருக்கிறது. ஏழைகளும் கறுப்பரும் மிகுதியாக வாழும் பிராங்ஸ் பகுதியிலே, யாங்கி அரங்கம் என்ற புகழ்பெற்ற ஆட்டக்களம் உண்டு. 2021 பிப்ரவரியிலே, அந்த அரங்கையே தடுப்பூசி நிலையமாக்கி, பிராங்ஸ் வாழ் மக்களுக்கென்றே திறந்துவிட்டனர். ஆட்டம் காண வருவோர் அரங்கிலேயே ஊசி போட்டுக்கொண்டால் இலவசச் சீட்டும் உண்டென்று மே மாதம் அறிவித்தனர். இவ்வளவும் செய்த பிறகு, ஆகஸ்டு மாதத்தில்தான் உள்ளரங்குகளிலே சான்று கேட்கத் தொடங்கினர். முதலில் கொடுத்தனர், பிறகு கேட்டனர். முறை அதுவே!

ஆனால் அதே நகரம் வேடிக்கையும் காட்டிற்று. 2021 நவம்பரில் ஓமிக்ரான் என்ற புதுத் திரிபு தோன்றியது. ஊசி, சாவைத் தடுக்கும் ஆற்றலைப் பெரிதும் காத்து நின்றது; தொற்றைத் தடுக்கும் ஆற்றலோ வெகுவாகக் குறைந்தது. 2022 மார்ச்சு 7ஆம் நாள், பார்வையாளரிடம் சான்று கேட்பதை நகரம் கைவிட்டது. பணியாளருக்கான விதியோ நீடித்தது. விளைவு? ஊசி போடாத கூடைப்பந்து வீரர் கைரி இர்விங், மார்ச்சு 13ஆம் நாள் தம் சொந்த அணியின் ஆட்டத்தைப் பார்வையாளராக அருகமர்ந்து கண்டார். களத்தில் இறங்கி ஆட மட்டும் அனுமதியில்லை! ஆடினால் பரவும் நோய், அமர்ந்தால் பரவாதோ? காரணம் மறைந்த பின்னும் விதி நிற்குமானால், அதன் பெயர் சட்டமல்ல, சடங்கு. சடங்கைச் சாத்திரம் செய்தாலும், சர்க்கார் செய்தாலும், நாம் ஒன்றுபோலவே கேள்வி கேட்போம்.

இன்னொரு கொடுமையையும் எண்ணிப் பாருங்கள். செல்வ நாடுகளின் அரங்குகள் சான்று கேட்டுக்கொண்டிருந்த அதே 2021ஆம் ஆண்டின் இறுதியிலே, ஆப்பிரிக்கக் கண்டத்து மக்களில் முழுமையாக ஊசி பெற்றோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அவர்கள் மறுக்கவில்லை, பெரும்பாலோருக்கு மருந்தே போய்ச் சேரவில்லை. நம் நாட்டிலும், 2021 மே மாதத்தில், 18 முதல் 44 வயதுவரை உள்ளோர் ஊசி பெறக் கணினியிலோ கைப்பேசியிலோ முன்பதிவு செய்தாக வேண்டும் என்றிருந்தது; கருவியில்லாத ஏழை என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. கிடைக்காத ஊசிக்குச் சான்று கேட்டால், அந்த வாயில் செயலைக் கேட்கவில்லை. எந்த நாட்டில் பிறந்தாய், எந்தக் குடிசையில் பிறந்தாய் என்று பிறப்பைத்தான் கேட்கிறது! வைக்கத்துத் தெருமுனை, வேடம் மாறி வந்து நிற்கிறது அங்கே.

2022 தைத்திங்களில் நம் மாடுபிடி களங்களிலும் பார்வையாளர் 150 பேருக்கு மேற்படாதவாறு வரையறுத்து, இரு தவணைச் சான்றும் கேட்கப்பட்டது. அவ்வாண்டு மே 2ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று: எவரையும் வற்புறுத்தி ஊசி போடக்கூடாது, பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது தேவைக்கு ஏற்ற அளவினதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். லெஸ்டர் ஊர்வலத்திலிருந்து இந்தத் தீர்ப்புவரை, உலகம் கற்ற பாடம் ஏறக்குறைய இதுவே.

ஆகவே, அரங்கம் சான்று கேட்கலாமா என்று எவரேனும் நம்மைக் கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் உரைத்திட வேண்டாம். வாயில் நம்மைக் கேள்வி கேட்கும் முன்பு, நாம் வாயிலை மூன்று கேள்விகள் கேட்போம். ஊசியைக் கடைசிக் குடிசைவரை இலவசமாகக் கொண்டுசேர்த்தாயிற்றா? அந்த ஊசி, போட்டவனை மட்டுமன்றி, பக்கத்து இருக்கையில் இருப்பவனையும் காக்கிறது என்பதற்கு இன்றைய அறிவியல் சான்று தருகிறதா? தேவை தீர்ந்த நாளில் இந்த விதியை எடுத்துவிடும் நேர்மை உன்னிடம் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வருமானால், சான்றை நீட்டிட நாம் தயங்க வேண்டியதில்லை. அது அடிமைத்தனமல்ல, அயலானிடம் காட்டும் அன்பு. ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், கேட்பது எந்த அரசானாலும், எதிர்த்துப் பேசிட நாம் தயங்கக் கூடாது.

பகுத்தறிவு என்பது ஊசிக்குப் போடும் கும்பிடல்ல. ஊசிக்கு அஞ்சும் பேதைமையுமல்ல. ஏன், எதற்கு, எதுவரை என்று கேட்டு, விடை கண்ட பின் கையை நீட்டுவது அது. அந்த அறிவோடு நீட்டுவோம் கையை, அடுத்த நோய் வருவதற்கு முன்பே!