நீலக் கம்பி

2017 டிசம்பரில் ஒருநாள் இரவு, திருநள்ளாற்றில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், டிவி, மாடியில் புதிதாக மாட்டிய ஏசி மூன்றும் ஒரே நிமிடத்தில் செத்துப்போயின. 19ஆம் தேதி சனிப்பெயர்ச்சி. அதற்குள் மாடி அறைகளைத் தயார்செய்து, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டால் கட்டிய கடனில் கொஞ்சம் அடையும் என்பது அப்பாவின் கணக்கு. ஏசிக்காக மும்முனை இணைப்பு வாங்கியிருந்தோம். உள்வேலையை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் ஏழு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு அந்த மாதம்தான் ஊர் திரும்பியிருந்தார்.

மெயினைப் போட்டதும் மாடியில் பல்புகள் பளீரென்று எரிந்து அணைந்தன. பிறகு கருகிய வாடை. விசித்திரம் என்னவென்றால், கூடத்தில் மட்டும் ஃபேன், லைட் எல்லாம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தன.

"பெயர்ச்சிக்கு முன்னாடியே பார்வை விழுந்துட்டு பாரு" என்றாள் பாட்டி. மாமா டிபி பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். "சனியும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. என் கைதான்."

இந்தியாவில் மும்முனை மின்சாரத்தின் நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். எலெக்ட்ரீஷியன்கள் வாயில் ஆர், ஒய், பி. நியூட்ரல் கருப்பு, எர்த் பச்சை. மாமா ஏழு வருடம் புழங்கிய சிங்கப்பூரில் மூன்று முனைகளும் பழுப்பு, கருப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். அதாவது இங்கே உயிருள்ள நீலம் அங்கே நியூட்ரல். இங்கே நியூட்ரலான கருப்பு அங்கே உயிருள்ள கம்பி. களைத்த இரவில் மாமாவின் கை நீலத்தை நியூட்ரல் பட்டையில் முடுக்கிவிட்டது, கருப்பை இரண்டாம் முனையில். "தலைக்குத் தெரியும்டா, கைக்குத் தெரியல."

ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு முனைகளுக்கு இடையே அதன் √3 மடங்கு, கிட்டத்தட்ட 400. சிவப்பிலும் மஞ்சளிலும் தொங்கிய அறைகளுக்கு நானூறு போனது. கூடத்துக்குப் போனது கருப்பும் நீலமும், அதாவது நியூட்ரலும் ஒரு முனையும், இடம் மாறி. அதனால் அங்கே சரியாக 230. எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது எரிந்துபோன சாமான் அல்ல, அந்தக் கூடம்தான். நியூட்ரல் பட்டை முழுக்க உயிரோடு இருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு ஹோல்டரில் மின்சாரம் நின்றது. யாராவது ஸ்டூலில் ஏறி ஹோல்டரில் கை வைத்திருந்தால்? நான் எழுதும் மென்பொருளிலும் இப்படித்தான்: வெடிக்கிற பிழையைப் பிடித்துவிடலாம், சரியான விடையைத் தந்துகொண்டே உள்ளே தலைகீழாக இருப்பதுதான் ஆளைக் கொல்லும்.

இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று அப்புறம் தேடிப் படித்தேன். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த பகுதி. ஆனால் எங்கள் சுவருக்குள் ஓடுவது பிரிட்டிஷ் நிறங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு நியூட்ரல் என்பது பிரிட்டன் தன் காலனிகளில் விட்டுச்சென்ற வழக்கம். சிங்கப்பூரும் அதையே வைத்திருந்தது. ஐரோப்பாவில் ஆளுக்கொரு நிறம். ஜெர்மனியில் 1960களின் நடுப்பகுதி வரை சிவப்புதான் எர்த் கம்பி! பிரிட்டிஷ்காரனுக்கு உயிருள்ள கம்பி, ஜெர்மானியனுக்குத் தைரியமாகத் தொடக்கூடிய கம்பி. சாமான்கள் எல்லை தாண்டி விற்கத் தொடங்கியதும் இது தாங்காது என்று ஆனது. பொது உடன்பாடாகப் பழுப்பும் நீலமும் பச்சை-மஞ்சள் வரியும் வந்தன. எர்த்துக்கு வரி போட்டது நல்ல யோசனை. நிறம் பிரித்தறியாத கண்ணும் வரியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும்.

பிரிட்டன் வீட்டு வயரிங்கில் கடைசிவரை இழுத்தடித்து, 2004இல் புது நிறங்களை அனுமதித்து, 2006 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியது. கருப்பும் நீலமும் வேடம் மாற்றிக்கொள்ளும் ஆபத்து அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. பழையதும் புதியதும் சேர்ந்திருக்கும் பெட்டியில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். சிங்கப்பூர் 2009இல் மாறியது. பாலம் தாண்டி ஜோகூர் போனால் மலேசியாவில் இன்னும் சிவப்பு, மஞ்சள், நீலம். நாங்களும் மாறவில்லை. வேலை தேடி இந்த ஊர்களுக்கெல்லாம் போய்வருகிற கைகளில் எந்தச் சீட்டை ஒட்டுவது?

முனை என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் அதற்குக் கட்டம் என்று பெயர். திருநள்ளாற்றில் கட்டம் என்றால் ஜாதகக் கட்டம்தான். சனி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போவதற்குத்தான் லட்சக்கணக்கில் கூட்டம். மின்சாரத்தின் கட்டமும் அப்படி ஒரு வரிசைதான், என்ன, வேகம் கூடுதல். சிவப்பில் அலை உச்சம் தொட்டு 6.67 மில்லி நொடி கழித்து மஞ்சளில், இன்னொரு 6.67இல் நீலத்தில், மறுபடி சிவப்பில். நொடிக்கு ஐம்பது சுற்று. மோட்டாருக்குள் மூன்று சுருள்களை வட்டமாக வைத்து இந்த மூன்றையும் கொடுத்தால், எதையும் அசைக்காமலே காந்தப்புலம் சுழலும். சுழலும் புலத்தை 1888இல் இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே வெளியிட்டார்கள். 1891இல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி முதலானோர் ஜெர்மனியில் லவுஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

அது நடந்து பதினோரு வருடத்தில், 1902இல், காவிரிக்கு வந்துவிட்டது. மைசூர் அரசு சிவசமுத்திரம் அருவியில் மின் நிலையம் கட்டி, சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தது. திட்டத்தை முன்நின்று நடத்தியவர் ஜோலி டி லோட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர். பெங்களூருக்குத் தெருவிளக்கு 1905இல்தான். முதல் மின்சாரம் சுரங்க மோட்டார்களுக்கு. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அந்த ஆற்றின் ஒரு கிளைதான் அரசலாறாக எங்கள் பக்கம் வந்து காரைக்காலில் கடலில் விழுகிறது.

மூன்று கம்பிகளை ஆறு விதமாக அடுக்கலாம். மூன்று அடுக்கில் மோட்டார் வலஞ்சுழியாகச் சுற்றும், மூன்றில் இடஞ்சுழியாக. எது முதல் கம்பி என்பது அதற்குப் பொருட்டே இல்லை. யாருக்குப் பின் யார் என்பது மட்டும்தான். ஏதாவது இரண்டை மாற்றினால் திசை மாறும். இன்னொரு முறை மாற்றினால் பழையபடி. பர்முட்டேஷன் என்று கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். புரிந்தது என்னவோ கஜா புயலுக்குப் பிறகு, வயலில்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டாவில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. எங்கள் வயல் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி இழுத்துக் கரண்ட் வந்த அன்று அப்பா போர் மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஓடியது, சத்தமும் இருந்தது. குழாயில் மட்டும் நூல் மாதிரி தண்ணீர். "ரிவர்ஸ்ல ஓடுது மச்சான்" என்றார் மாமா. கம்பத்தில் போகும் கம்பிக்கு நிறமே கிடையாது. எல்லாம் ஒரே வெள்ளை அலுமினியம். அவசரத்தில் திரும்ப இழுத்தபோது வரிசை மாறியிருக்கிறது. ஸ்டார்ட்டரில் சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது, நீலம் நீலமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

மாமா ஃபியூஸைப் பிடுங்கினார். டெஸ்ட் லாம்ப்பை முதலில் எரிகிற இடத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு ஸ்டார்ட்டரின் ஒவ்வொரு முனையிலும். 2017க்குப் பிறகு அவர் எந்தக் கம்பியையும் அப்படிப் பார்க்காமல் தொடுவதில்லை, நியூட்ரலைக்கூட. இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார். தண்ணீர் வாய் நிறைய விழுந்தது. பக்கத்து வயல்காரர்கள் பார்த்துவிட்டுக் கூப்பிட, இருட்டுவதற்குள் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருந்த மோட்டார்களையெல்லாம் மாற்றிக் கொடுத்தார். ஆளுக்கொரு டீ, காசு வாங்கவில்லை.

மறுநாள் காலையில் லைன்மேன் வந்தார். நல்ல மனுஷர், இரண்டு வாரமாகத் தூங்காத கண். வரிசை மாறியிருப்பது தெரிந்து டிரான்ஸ்ஃபார்மரிலேயே இரண்டு கம்பியை மாற்றிச் சரிசெய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். பத்து மணி வாக்கில் எல்லா வயலிலிருந்தும் ஒரே நேரத்தில் மாமாவுக்கு போன் வந்தது.