வக்பும் மரபுரிமையும்: மாத்தளையிலிருந்து ஒரு பார்வை

'பாவா' என்ற பெயர் எமக்குப் புதிதல்ல. ஊருக்கு ஒரு பாவா இருப்பார். ஆனால் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பெயரில் உள்ளதும் எங்கட பாவாதான் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம். தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். தாய் டச்சுப் பறங்கியர் வழிவந்தவர். 1919இல் பிறந்த ஜெப்ரி முதலில் சட்டம் படித்தார். பிறகு அதைக் கைவிட்டு, 38ஆவது வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார்.

2001ஆம் ஆண்டு சிரியாவின் அலெப்போ கோட்டையில் ஆகா கான் கட்டடக்கலை விருது விழா நடந்தது. வாழ்நாள் பணிக்காக வழங்கப்படும் தலைவர் விருது அவ்வருடம் பாவாவுக்குக் கிடைத்தது. அவருக்கு முன் அதைப் பெற்றவர்கள் இருவரே: 1980இல் எகிப்தின் ஹஸன் ஃபத்ஹி, 1986இல் ஈராக்கின் ரிஃபாத் சாதிர்ஜி. 1998இல் வந்த பக்கவாதத்தால் பேச்சை இழந்திருந்த பாவா, 2003 மே மாதம் காலமானார்.

ஆகா கான், நிஸாரி இஸ்மாயிலிகளின் இமாம். அகீதாவில் எமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்த விடயம். இங்கே அது பேசுபொருளல்ல. 1977இல் இவ்விருதையும் 1988இல் ஆகா கான் கலாசார அறக்கட்டளையையும் தொடங்கிய அந்தக் குடும்பம், பணத்தை எதில் போட்டது, எப்படிப் போட்டது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குமுன் எங்கள் மாவட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும்.

மாத்தளை மாவட்டத்தில் பாவாவின் கை பட்ட இடம் கண்டலம ஹோட்டல். சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்டுவதற்காகக் காட்டப்பட்ட காணியை வேண்டாமென்று, கண்டலமக் குளத்துக்கு எதிரேயிருந்த மலைச்சரிவை அவரே தெரிவுசெய்தார். தம்புள்ளை விகாரைக்குப் பக்கத்தில், குளத்தோரத்தில், ஹோட்டலா என்று அன்றைக்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 1994இல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டலை இப்போது தூர நின்று பார்த்தால் பாதி கட்டடம், பாதி காடு. உள்ளே மாடிப்படியில் இறக்கை விரித்து நிற்கும் பெரிய ஆந்தை, சிற்பி லக்கி சேனநாயக்கவின் வேலை. 2021இல் மறைந்த லக்கி, தம்புள்ளைக்குப் பக்கத்தில் காட்டுக்குள் வீடு அமைத்து வாழ்ந்தவர்.

பாவாவும் லக்கியும் கூடிய வீடு ஒன்று கொழும்பில் இருந்தது. அது ஈனா டி சில்வாவின் வீடு. ஈனா எங்கள் அலுவிகாரைக்காரி. இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபர் சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960களில் தன் மகனோடும் லக்கியோடும் சேர்ந்து பத்திக் துணி வேலையைத் தொடங்கினார். பெந்தோட்டை பீச் ஹோட்டலுக்காக அவர் செய்து கொடுத்த பத்திக் கூரை உலகெங்கும் பேசப்பட்டது. கோட்டே பாராளுமன்றத்தில் தொங்கும் கொடிகளும் அவருடையவை.

1980களில் அவர் கொழும்பை விட்டு அலுவிகாரைக்கே திரும்பி வந்தார். பரம்பரை வளவிலேயே மாத்தளை மரபுரிமை நிலையம் என்ற பட்டறையை நடத்தினார். சுற்றுவட்டார ஊர்ப் பெண்பிள்ளைகள் அங்கே மெழுகு பூசவும், சாயம் தோய்க்கவும், கண்டிக்காலக் கொடிகளின் உருவங்களைத் துணியில் தைக்கவும் பழகினார்கள். பையன்மார் தச்சு வேலையும் பித்தளை வார்ப்பும் படித்தார்கள். பத்திக் வேலையில் அவசரம் செல்லாது. மெழுகு காய வேண்டும், சாயம் ஏற வேண்டும், கொதிநீரில் மெழுகு கழல வேண்டும். இன்னொரு நிறம் வேண்டுமென்றால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. கைத்தொழில் தெரிந்தவருக்கு ஊரிலேயே வருமானம் கிடைத்தால் அந்தத் தொழில் ஊரிலேயே தங்கும் என்பதுதான் ஈனா கண்ட வழி. 2015இல் அவர் மறைந்தார்.

அவருடைய கொழும்பு வீட்டின் கதை இன்னும் சுவையானது. பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டிய அந்த வீட்டுக் காணி 2009 அளவில் கைமாறியது. வேறு வீடாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். பாவா உயிரோடிருந்தபோதே 1982இல் நிறுவப்பட்ட அறக்கட்டளை ஒன்று இருந்ததால் இந்த வீடு தப்பியது. தூண், கதவு, ஓடு, முற்றத்துக் கல் என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, பாவாவின் லுனுகங்கத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். பல வருட வேலை அது.

இப்படியொரு இடமாற்றத்தை எங்கள் மாவட்டம் அதற்கு முன்பே பார்த்திருக்கிறது. மாத்தளை - தம்புள்ளை வீதியில் உள்ள நாலந்த கெடிகே, திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த பழைய கற்கோயில். மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கவிருந்தது. கல் கல்லாகப் பிரித்து, உயர்ந்த மேட்டில் திரும்ப அடுக்கிவைத்தார்கள். 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் மத்திய கலாசார நிதியமும் உருவானது. சிகிரியாவிலும் தம்புள்ளையிலும் யுனெஸ்கோவோடு சேர்ந்து அகழ்வும் பராமரிப்பும் செய்தது அதுதான். சிகிரியா 1982இலும் தம்புள்ளை 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. வெளிநாட்டார் வாங்கும் நுழைவுச்சீட்டுப் பணம் நிதியத்துக்கே திரும்பி வருகிறது. முதல் அழியாமல், அதன் வருமானத்தில் காரியம் நடக்கிறது. எம்மவர் காதுக்கு இது பழகிய கணக்குத்தானே.

ஆம், வக்பு. கைபரில் கிடைத்த காணியை உமர் (ரலி) அவர்கள் வக்பு செய்த செய்தியை மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும்: காணி விற்கப்படாது, அன்பளிப்பாகப் போகாது, வாரிசுக்கும் போகாது; விளைச்சல் மட்டுமே தர்மம். அத்தோடு பிக்ஹ் நூல்கள் சொல்லும் இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வக்பின் வருமானத்தில் முதற் செலவு அந்தச் சொத்தைப் பழுதுபார்ப்பது. பயனாளிகளின் பங்கு அதற்குப் பிறகுதான். பராமரிப்பு என்பது கையில் மிச்சமிருந்தால் செய்கிற காரியமாக அங்கே கருதப்படவில்லை.

எங்கட பக்கம் நடப்பது வேறு. தனவந்தர் ஒருவர் முன்வருகிறார், நல்ல நிய்யத்தோடு. பழைய பள்ளி இடிகிறது. மரத்தூண்கள் விறகுக் காலைக்குப் போகின்றன, ஹவுளை மூடிக் குழாய் வைக்கிறார்கள், சுவர் முழுக்க டைல்ஸ். இருநூறு பேர் தொழும் ஊரில் ஆயிரம் பேருக்கு மாடி. ஜமாஅத் பெருகினால் பள்ளியும் பெருக வேண்டும், அதை யாரும் மறுக்க முடியாது. பழையதில் ஒரு பகுதியையாவது வைத்துக்கொண்டு பக்கத்தில் விரிக்க முடியுமா என்று ஒரு கூட்டத்திலாவது கேட்கப்பட்டதா என்பதே என் கேள்வி. பள்ளியொன்றில் நான் கேட்டேன். "சேர், பழசை வெச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

அவருக்குக் காட்ட எனக்குக் கிடைத்த உதாரணம் டில்லியில் இருக்கிறது. ஹுமாயூன் கல்லறையில் ஆகா கான் கலாசார அறக்கட்டளை முதலில் தோட்டத்தைச் சீர்செய்து 2003இல் முடித்தது. 2007 முதல் 2013 வரை கட்டடத்தில் வேலை செய்தது. கூரையில் இருபதாம் நூற்றாண்டில் கொட்டிவைத்திருந்த கொங்கிரீட்டை மட்டும் பத்து இலட்சம் கிலோ அளவில் சுரண்டி எடுத்தார்கள். அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சாந்து. கல்தச்சரும் கொத்தரும் பூச்சு வேலைக்காரரும் இரண்டு இலட்சம் வேலைநாட்கள் உழைத்தார்கள். வழக்கொழிந்த பளிங்கோட்டு வேலையைக் கற்றுக்கொடுக்க உஸ்பெகிஸ்தானிலிருந்து கைவினைஞர் வந்தனர். படித்தவர்கள் பக்கத்து நிஸாமுத்தீன் பஸ்தி இளைஞர்கள். அதே பஸ்தியில் பாடசாலை, மருந்தகம், துப்புரவு வேலைகளும் நடந்தன. ஈனா அலுவிகாரையில் சிறிய அளவில் செய்ததைத்தான் அவர்கள் பெரிதாகச் செய்தார்கள்.

அவ்வளவு பணம் எமக்கு ஏது என்பார்கள். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு பூச அவ்வளவு பணம் வேண்டாம். டைல்ஸுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

இதில் அழகுணர்ச்சி மட்டுமல்ல, வேறொரு பாடும் இருக்கிறது. 2012 ஏப்ரலில் தம்புள்ளை ஹைரிய்யாப் பள்ளிவாசல் புனித பூமிக்குள் இருக்கிறதென்று கூட்டமொன்று உள்ளே புகுந்தபோது, பல தசாப்தங்களாக அங்கே தொழுகை நடந்து வருவதை எம்மவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரம் இந்த மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் "எங்கட பள்ளிக்கு எத்தனை வருஷம்?" என்ற கேள்விதான். பழைய கட்டடம் நின்றால் அதுவே சாட்சி. அதை இடித்தபின் எஞ்சுவது திறப்பு விழாக் கல்லில் உள்ள புதிய ஆண்டு மட்டும்.

1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிகளுக்கு நம்பிக்கையாளர் சபைகள் இருக்கின்றன. புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. வக்புக் கடைகளின் வாடகையில் ஒரு சிறு தொகையைப் பழையதன் பராமரிப்புக்கென்று தனியே எழுதிவைக்கலாம். இடிக்க முடிவுசெய்தால்கூட, இடிக்குமுன் அளந்து, படமெடுத்து, மிம்பரையும் கதவு நிலைகளையும் எடுத்துவைக்கலாம். அரபுத்தமிழ்க் கிதாபுகள் பழையதாகிவிட்டன என்று மரியாதையாகப் புதைக்கும் வழக்கமும் எம்மிடம் உண்டு. புதைக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்க ஒரு கைப்பேசி போதும்.

எங்கள் பாடசாலையில் பத்தாந்தர மாணவர்கள் சிலரோடு மீஸான் கற்களைப் படியெடுக்கும் வேலையை இந்தத் தவணையில் தொடங்கினோம். மாத்தளை நகரைச் சுற்றி மூன்று மையவாடிகள் முடிந்திருக்கின்றன. நான்காவதில் மழைக்காலப் பாசி ஏறியிருப்பதால் எழுத்துத் தெரியவில்லை. கம்பித் தூரிகை போடக்கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறேன், தண்ணீரும் தும்புத் தூரிகையும் மட்டும். வெயில் வந்ததும் போவோம்.